மலையேறும் பஸ்

மலைக்கோட்டையையே மலை என்று சொல்லிப் பழகியவர்கள் திருச்சிக்காரர்கள். 83 மீட்டர் உயரப் பாறையில் மூச்சிரைக்க ஏறி, உச்சிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வடக்கே திரும்பி நின்றால் காவிரி, அதற்கப்பால் ஸ்ரீரங்கம் ராஜகோபுரம், அதற்கும் அப்பால் கொள்ளிடம். நம் கண் அங்கேயே நின்றுவிடுகிறது. ஸ்ரீரங்கத்தில் நாற்பது வருடம் குடியிருந்தும், இதே மாவட்டத்துக்குள் ஒரு முழு மலைத்தொடர் இருக்கிறது, அதன் மேல் ஊர்கள் இருக்கின்றன, அங்கே மனிதர்கள் விதைத்து, அறுத்து, பிள்ளை பெற்று, பள்ளிக்கு அனுப்பி வாழ்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்க்காதவர்கள் என் தெருவிலேயே நிறையப் பேர் உண்டு. பல வருடங்கள் நானும் அப்படித்தான் இருந்தேன்.

அந்த மலை பச்சைமலை. திருச்சியிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். கொள்ளிடப் பாலம் கடந்து மண்ணச்சநல்லூர், திருவெள்ளறை, புலிவலம் வழியாகத் துறையூர் போய், அங்கிருந்து சோபனபுரம் பக்கமாக மலைப்பாதை பிடிக்க வேண்டும். போகிற வழியில் திருவெள்ளறையில் இறங்கி, பல்லவன் தந்திவர்மன் காலத்தில் வெட்டிய ஸ்வஸ்திக வடிவக் கிணற்றைப் பார்த்துவிட்டுப் போகலாம். ஆயிரத்து இருநூறு வருடமாகியும் ஒவ்வொரு கைக்குள்ளும் படிகள் ஒழுங்காக இறங்குகின்றன. அது தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம். இப்போது மலைக்குப் போவோம்.

மலைக்கு மேலே என்ன வாழ்க்கை என்பதைத் தெரிந்துகொள்ளச் சிறந்த இடம் மலை அல்ல, துறையூர் பஸ் நிலையம். டாப் செங்காட்டுப்பட்டிக்குப் போகும் பஸ் எப்போது வரும் என்று காத்திருக்கும் கூட்டத்தின் காலடியைப் பாருங்கள். உர மூட்டை. மண்வெட்டிக்குப் புதுக் காம்பு. இரண்டு பிளாஸ்டிக் குடம். கயிறு போட்டுக் கட்டிய மளிகைப் பெட்டி. அரசு மருத்துவமனை மாத்திரைப் பை. கல்யாணப் பத்திரிகைக் கட்டு. ஒருமுறை எனக்குப் பக்கத்தில் நின்றிருந்தவர் ஒரு மோட்டார் பம்பைச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்திருந்தார். கீழே ரிப்பேர் பார்த்து மேலே கொண்டுபோகிறார். "மேல மெக்கானிக் இல்லீங்களா?" என்று கேட்டேன். "மெக்கானிக் வந்து போற செலவுக்கு நானே தூக்கிட்டு வந்துரலாம் சார்" என்றார். மலையில் எதுவும் சும்மா வந்து சேர்வதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஏற்றுக்கூலி உண்டு, பணமாகவோ தோள்வலியாகவோ.

டாப் செங்காட்டுப்பட்டி என்ற பெயரைக் கேட்டுச் சிலர் புருவத்தை உயர்த்துவார்கள். துறையூர் வட்டத்தில் சமவெளியிலும் ஒரு செங்காட்டுப்பட்டி இருக்கிறது. மேலே இருப்பதற்கு 'டாப்' ஒட்டிக்கொண்டது. இன்று ஊர்க்காரர் வாயிலும் அதுவே பெயர்.

பச்சைமலை, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. மேற்குத் தொடர்ச்சி மலை போல ஒரே சுவராக நீளாமல், கிழக்கே மலைகள் தனித்தனித் திட்டுகளாக நிற்கின்றன: சேர்வராயன், கல்வராயன், கொல்லி, பச்சை. துறையூர்ப் பக்கம் நின்று பார்த்தால் மேற்கே கொல்லிமலை, கிழக்கே பச்சைமலை, நடுவில் பள்ளத்தாக்கு. கொல்லிமலை உயரம், 70 கொண்டை ஊசி வளைவுகள் என்று விளம்பரமே உண்டு. பச்சைமலை அதைவிடத் தாழ்வு, 500 மீட்டர் முதல் 1,000 மீட்டர் வரை. ஊட்டிக் குளிர் இங்கே கிடையாது. பகலில் வெயில் வெயிலாகத்தான் அடிக்கும். சாயங்காலம் ஆறு மணிக்குமேல் காற்று மாறும். மார்கழியில் விடியற்காலைப் பனி வைக்கோல் போரை நனைத்துவிடும். புளியும் பலாவும் முந்திரியும் ஒரே தோட்டத்தில் நிற்கும் உயரம் இது.

இந்த மலைக்கு இன்னொரு சங்கடம் உண்டு. ஒரே மலை, மூன்று ஆட்சியர்கள். திருச்சி, பெரம்பலூர், சேலம் என மூன்று மாவட்டங்களின் எல்லை மலையின் மீது ஓடுகிறது. 1995-இல் பெரம்பலூர் தனி மாவட்டமானபோது திருச்சியின் பங்கு இன்னும் சுருங்கியது. மலைக்காரருக்குப் பக்கத்து ஊர் என்பது நடந்து போகிற தூரம்; பெண் கொடுத்து எடுத்த ஊர். ஆனால் சாதிச் சான்றிதழ் வாங்க ஒருவர் துறையூருக்கு இறங்க வேண்டும், இன்னொருவர் வேப்பந்தட்டைக்கு, மற்றொருவர் கெங்கவல்லிக்கு. தண்ணீரும் இப்படியே பிரிந்து ஓடுகிறது. பெரம்பலூர்ப் பக்கம் இறங்கும் கல்லாற்று நீரைத்தான் விசுவக்குடி அணை தேக்குகிறது. லாடபுரத்துக்கு மேலே மயிலூற்று, இன்னொரு பக்கம் கோரையாறு, செங்காட்டுப்பட்டிப் பக்கம் மங்களம் அருவி. மழை நின்ற சில வாரங்களில் இவை மெலிந்துவிடும். அருவி பார்க்க வருகிறவர்களுக்கு அது ஏமாற்றம். மலைக்காரருக்கோ அது அடுத்த கோடையில் கிணறு எத்தனை நாள் தாங்கும் என்பதற்கான கணக்கு.

இங்கே வாழ்பவர்கள் மலையாளிகள். இந்தச் சொல்லை வைத்தே எத்தனை குழப்பம்! திருச்சியில் மலையாளி என்றால் கேரளம் என்றுதான் நினைப்பார்கள். மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வரும் தமிழ்ப் பெயர் இது, பேசுவதும் தமிழ்தான். பழங்குடியினர் பட்டியலில் மலையாளி என்ற பெயரோடு மாவட்டங்களின் பெயரும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது: தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி. பழைய மாவட்டங்களின் பெயர்கள் அவை. அந்தப் பட்டியலில் இல்லாத ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகள், பழங்குடியினர் சான்றிதழுக்காகப் பல பத்தாண்டுகளாகக் குரல் கொடுத்தும் கிடைக்கவில்லை. ஒரு மக்களின் உரிமை, அவர்கள் எந்த மலையில் பிறந்தார்கள் என்பதைப் பொறுத்து மாறுவது நியாயமில்லை. இதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

எங்கிருந்து வந்தார்கள்? அவர்களே சொல்லும் கதை காஞ்சிபுரத்தில் தொடங்குகிறது. மூன்று அண்ணன் தம்பிகள் புறப்பட்டு வந்தார்களாம். ஒருவர் சேர்வராயனில், ஒருவர் கொல்லியில், ஒருவர் பச்சைமலையில் தங்கினாராம். யார் மூத்தவர், யார் எந்த மலை என்பது மலைக்கு மலை மாறும். ஏன் வந்தார்கள் என்பதும் சொல்பவரைப் பொறுத்தது. கதை எப்படி மாறினாலும் ஒன்று மாறாது: மூன்று மலைக்காரர்களும் தங்களை ஒருவருக்கொருவர் பங்காளிகளாகவே நினைக்கிறார்கள். இன்றும் பெயருக்குப் பின்னால் கவுண்டர் என்ற பட்டம் உண்டு.

மலையை அவர்கள் பிரிப்பது மாவட்டமாக அல்ல, நாடாக. வண்ணாடு, தென்பறநாடு, அத்திநாடு என்ற பெயர்கள் வெள்ளைக்காரர் காலக் குறிப்புகளிலேயே வருகின்றன. 1907-இல் ஹெமிங்வே என்ற ஆங்கில அதிகாரி தொகுத்த திருச்சினாப்பள்ளி மாவட்டக் கெசட்டியர் இந்த மலை மக்களைப் பற்றிப் பேசுகிறது. ஊராட்சியும் வட்டாட்சியரும் வருவதற்கு முன்பே இங்கே ஒரு நிர்வாகம் இருந்தது. ஊருக்கு ஒரு பெரியவர், பல ஊர் சேர்ந்த நாட்டுக்கு ஒரு தலைவர். நிலத்தகராறு, கல்யாண முறிவு, கோயில் திருவிழா எல்லாம் அவர்கள் கூடி முடித்தார்கள். இன்று அந்த அதிகாரம் பெரும்பாலும் திருவிழாவோடு நின்றுவிட்டது. ஆனால் சாமி கும்பிடும் நாளைக் குறிக்க இப்போதும் நாட்டார் கூடியாக வேண்டும். அந்த நாளில் திருப்பூரில் வேலை பார்க்கும் பையனும் லீவு போட்டு வந்து நிற்கிறான்.

இந்த மலையின் வரலாற்றை ஒரே வரியில் சொல்லச் சொன்னால், சாமை போய்க் குச்சிக்கிழங்கு வந்தது என்பேன்.

ஆடி மழைக்குச் சாமை விதைப்பார்கள். ஏர் ஏறாத சரிவில் மண்வெட்டியால் கொத்தி விதைத்தால் அது கொத்துக்காடு. சாமை, தினை, கேழ்வரகு, ஊடே அவரை, மொச்சை. உரம் கேட்காது, பெரிய தண்ணீர் கேட்காது. ஐப்பசி கார்த்திகையில் அறுத்துக் களத்தில் அடித்துக் குதிரில் கொட்டிவிட்டால் வருடம் முழுக்கச் சோறு. விற்பதற்கு என்று அவர்கள் பெரிதாக எதையும் விளைவிக்கவில்லை. உப்பும் துணியும் வாங்கத் தேனும் புளியும் கடுக்காயும் போதுமாக இருந்தன.

குச்சிக்கிழங்கு என்று இந்தப் பக்கம் சொல்லும் மரவள்ளியின் கதை மலைக்கு வெகு தூரத்தில் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது மலேயாவிலிருந்து ஜவ்வரிசியும் மாவும் வருவது நின்றது. அந்தப் பஞ்சத்தில் 1943 வாக்கில் சேலத்தில் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் முளைத்தது. சேலம், ஆத்தூர் பக்கம் ஆலைகள் பெருகப் பெருக, கிழங்குக்கு நிலம் தேவைப்பட்டது. தேவை மெல்ல மலை ஏறியது. இன்று பச்சைமலையில் எங்கே திரும்பினாலும் விரல் விரித்த அந்த இலைதான்.

கரணை நட்டால் பத்து மாதம். பிறகு லாரி வரும். கிழங்கின் எடை மட்டும் பார்த்து விலை போடுவதில்லை. அதில் மாவுச்சத்து எவ்வளவு என்று அளந்து, 'பாயிண்ட்' கணக்கில் விலை. "இருபத்தேழு பாயிண்ட் வரும்னு நெனச்சேன், இருபத்தி நாலுன்னுட்டாங்க" என்று ஒரு விவசாயி என்னிடம் சொன்னார். அளந்தது யார் என்று கேட்டேன். வாங்குகிறவர்கள்தான் என்றார். மலைக்கு மேலே அளக்க ஆளில்லை. கிழங்கைப் பிடுங்கிவிட்டால் இரண்டு மூன்று நாளுக்குள் ஆலைக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே கறுத்துவிடும். பிடுங்கிய கிழங்கை வைத்துக்கொண்டு பேரம் பேச முடியாது. கூடவே தேமல் நோய். 2020-க்குப் பிறகு மாவுப்பூச்சி. இத்தனைக்குப் பிறகும் ஏன் இதையே நடுகிறார்கள்? கையில் மொத்தமாகப் பணம் கிடைக்கிறது. பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தைச் சாமை மூட்டையால் கட்ட முடியாது. இதை விளங்கிக்கொள்ளாமல், "பாரம்பரியத்தை விட்டுவிட்டார்கள்" என்று கீழே இருந்து குறை சொல்வது தவறு.

சாமை முழுக்கப் போய்விடவில்லை. ஒரு சிற்றூரில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் ஆயா திண்ணையில் உட்கார்ந்து சாமை புடைத்துக்கொண்டிருந்தார். கல்லுரலில் போட்டு உலக்கையால் குத்தி, முறத்தில் அள்ளி, மணிக்கட்டை லேசாக ஒரு சுழற்று. உமி முன்னே போய் விழுகிறது, அரிசி பின்னே தங்குகிறது. மறுபடி உரல், மறுபடி முறம். நான் முறத்தை வாங்கி முயன்று பார்த்தேன்; அரிசியும் உமியும் சேர்ந்தே மண்ணில் போயின. ஆயா திட்டவில்லை. கோழிகளைக் கூப்பிட்டார்.

"எத்தன தரம் குத்தணும் ஆயா?"

"மூணு தரம். மூணுல அடங்கலேன்னா நாலு."

"இவ்வளவு கஷ்டப்பட்டு எதுக்கு, ரேஷன் அரிசி வருதே?"

"அது பசிக்கு. இது காய்ச்சல் வந்தா, புள்ள பெத்தா, சாமிக்குப் பொங்குனா. எங்க மாமியா எனக்குக் குத்திப் போட்டாங்க. மருமவளுக்கு நான் குத்துறேன். அவ குத்த மாட்டா."

கடைசி வார்த்தையில் வருத்தம் இல்லை. மருமகள் நூறு நாள் வேலைக்குப் போயிருந்தாள். ஒரு படி சாமை அரிசிக்கு ஒரு முற்பகல் போகிறது. 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது திருச்சியில் தில்லைநகர்க் கடைகளில் எல்லாம் சாமைப் பாக்கெட் அடுக்கினார்கள். அந்தப் பாக்கெட்டின் விலைக்கும் மலையில் சாமை மூட்டைக்குக் கிடைக்கும் விலைக்கும் நடுவில் இருப்பது ஓர் உமி நீக்கும் இயந்திரம். அந்த இயந்திரம் மலையின் ஒவ்வொரு நாட்டிலும் ஒன்று இருந்தால், சாமை தானே திரும்பி வரும். பிரசாரம் தேவையில்லை.

பங்குனி, சித்திரையில் முந்திரி. அந்த நாட்களில் மலை முழுக்கப் பழுத்த முந்திரிப் பழத்தின் வாடை, இனிப்பும் புளிப்பும் கலந்து தொண்டையைப் பிடிக்கும். பழத்தைத் திருகிக் கொட்டையை மட்டும் கூடையில் போடுகிறார்கள். பழம் மரத்தடியிலேயே கிடந்து அழுகுகிறது. பச்சைக் கொட்டையின் தோலில் உள்ள எண்ணெய் பட்டால் கை புண்ணாகும். முந்திரி பறிக்கும் பெண்களின் விரல் நுனிகளைப் பார்த்தால் தெரியும், தோல் உரிந்து உரிந்து ரேகையே மங்கிப்போயிருக்கும். ரேஷன் கடை இயந்திரத்தில் கைரேகை விழவில்லை என்று ஓர் அம்மா சொன்னபோது எனக்கு முதலில் புரியவில்லை. அவர் கையைக் காட்டினார்.

நிலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலையில் ஒருவர் தலைமுறையாக உழும் நிலம் எல்லாம் அவர் பெயரில் இருப்பதில்லை, சுற்றிலும் காப்புக்காடு. வன உரிமைச் சட்டம் 2006-இல் வந்தது. காட்டில் வாழ்பவரின் உரிமையை எழுத்தில் ஒப்புக்கொண்ட சட்டம். ஆனால் தமிழ்நாட்டில் 2008-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் உரிமைப் பத்திரம் வழங்குவது நின்றுபோனது. உச்ச நீதிமன்றம் 2016-இல் தடையை நீக்கிய பிறகே வேலை நகர்ந்தது. எட்டு வருடம்! அந்த எட்டு வருடத்தில் காட்டோரம் உழுதவர் பெயரில் ஒரு துண்டுக் காகிதம் கூட இல்லை. காகிதம் இல்லையென்றால் பயிர்க்கடன் இல்லை. கடன் இல்லையென்றால் கிழங்கு வியாபாரியின் முன்பணம்தான் வழி. பாயிண்ட் குறைத்துப் போட்டாலும் ஏன் பேச முடிவதில்லை என்பதற்கு இதுவும் காரணம்.

மலையூர் என்றதும் நம் சினிமாப் பாட்டுகள் எல்லாம் ஓடிப்போகும் இடம் சுவிட்சர்லாந்து. பனியும் பசும்புல்லும் தாண்டி அந்த நாட்டில் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: மஞ்சள் நிற அஞ்சல் பஸ். 1906 முதல் ஓடுகிறது. ஒரு காலத்தில் கடிதப் பையையும் ஆளையும் சேர்த்தே ஏற்றிச் சென்றது; இன்றும் ரயில் போகாத மலைக் கிராமத்துக்கெல்லாம் போகும். வளைவில் திரும்பும்போது மூன்று சுரத்தில் ஒரு ஹாரன். ரோசினியின் 'வில்லியம் டெல்' இசை நாடகத்திலிருந்து எடுத்த சுரங்கள். மலை அஞ்சல் சாலைகளில் எதிரே எவ்வளவு பெரிய கார் வந்தாலும், அஞ்சல் பஸ் ஓட்டுநர் சொன்னபடி ஒதுங்க வேண்டும். அங்கே அது சட்டம். கோடையில் மாடுகளை மேல்மலைப் புல்வெளிக்கு ஓட்டிப்போகும் விவசாயிக்கு அரசு பணம் கொடுக்கிறது. மலையில் ஆள் இருந்தால்தான் மலை மலையாக இருக்கும் என்று அந்த நாடு முடிவுசெய்து, அதற்குச் செலவும் செய்கிறது. பணக்கார நாடு, செய்கிறது என்று சொல்லலாம். ஆனால் ஆல்ப்ஸ் மலைக்காரரும் ஒரு காலத்தில் பஞ்சம் பிழைக்க ஊரை விட்டுப் போனவர்கள்தான்.

நம் மலைக்கும் அப்படி ஒரு முடிவு வேண்டும். பச்சைமலைச் சிற்றூர்கள் பலவற்றில் கிழங்கு பிடுங்கி முடிந்ததும் வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. திருப்பூர் பனியன் கம்பெனி, கேரளத் தோட்டம், கோயம்புத்தூர் கட்டட வேலை. பிள்ளைகள் உறைவிடப் பள்ளியில், தாத்தா பாட்டி வீட்டில். நாலு மாதம், ஆறு மாதம். மலையிலேயே பிழைக்க முடிந்தால் யாரும் போக மாட்டார்கள். எனக்குத் தெரிந்தவரை இதற்குத் தேவையானவை பெரிய திட்டங்கள் அல்ல. இரவில் ஒரு பிரசவ வலி வந்தால் துறையூர் அரசு மருத்துவமனைக்கு இறங்க உடனே வண்டி. கிழங்கின் பாயிண்டை ஊரிலேயே அளக்க ஒரு கருவி, அரசு ஆள் கையில். சாமைக்கு இயந்திரம். டாப் செங்காட்டுப்பட்டியோடு நின்றுவிடாமல் உள்ளே இருக்கும் ஊர்கள் வரை போகும் பஸ்.

பள்ளிக்கூடம் என்ன செய்யும் என்பதற்கு மலையே சாட்சி சொல்லிவிட்டது. திருச்சி தஞ்சாவூர்ச் சாலையில் துவாக்குடியில் இருக்கும் தேசிய தொழில்நுட்பக் கழகம் 1964-இல் தொடங்கியது. 2024-இல், பச்சைமலையின் அரசுப் பழங்குடியினர் உறைவிடப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த ஒரு மாணவி ஜேஇஇ நுழைவுத் தேர்வெழுதி அதில் சேர்ந்தார். அப்பா அம்மா கூலி வேலை செய்பவர்கள். மலைக்கும் துவாக்குடிக்கும் நடுவில் இருக்கும் தூரம் சுமார் நூறு கிலோமீட்டர்தான். அதைக் கடக்க அறுபது வருடம் ஏன் ஆயிற்று என்று திருச்சி தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சனி, ஞாயிறுகளில் இப்போது மலைக்குக் கூட்டம் போகிறது. வனத்துறை தங்கும் அறைகள் கட்டியிருக்கிறது. போகட்டும், நல்லதுதான். அருவிக்கரையில் பாட்டில் உடைக்காதீர்கள். அந்தத் தண்ணீரில் வெறுங்காலோடு இறங்குபவர்கள் அந்த ஊர்க் குழந்தைகள். பலாப்பழமோ சாமையோ தேனோ விற்றால், கேட்ட விலையைக் கொடுத்து வாங்குங்கள். அதில் ஒரு முற்பகலின் உலக்கைக் குத்து இருக்கிறது.

இன்னொன்று. சொந்த வண்டியில் போகிறவர்கள், வளைவில் பஸ்ஸைக் கண்டால் ஒதுங்கி வழிவிடுங்கள். பஸ்ஸிலேயே போகிறவர்கள், சாயங்காலம் இறங்கும் பஸ்ஸிலும் ஏறும் பஸ்ஸிலும் முதலில் ஊர்க்காரர்கள் உட்காரட்டும் என்று நில்லுங்கள். உங்களுக்கு அடுத்த வாரமும் மலை அங்கேயே இருக்கும். அவர்களில் பலருக்கு அன்றைக்கு அதுதான் கடைசி வண்டி.